கணக்கில்லாம நடந்த குதிரை

இன்னைக்கு எபிசோடுல கோடு இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல, ஏஐ இல்ல. ஒரு குதிரை இருக்கு. அந்தக் குதிரைக்கு நான் யூடியூப் பார்த்து மசாஜ் கத்துக்கிட்டுப் போய் பண்ணின கதை. ஒன்பது நாள் பண்ணினோம். அந்த ஒன்பது நாளைப் பத்தித்தான் பேசப்போறேன்.

என் சித்தப்பாவுக்கு ராமநாதபுரத்துல இருந்து கீழக்கரை போற வழியில ஒரு கிராமம். குண்டு மிளகாய் போடுறவரு. ஊர்ப்பக்கம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், மிளகாய் விலை ஒரு வருஷம் தூக்கிவிடும், ஒரு வருஷம் கீழ போட்டுடும். ஆனா எந்த வருஷமா இருந்தாலும் அவரு வீட்டுல ஒரு குதிரை நிக்கும். எங்க பக்கம் கோயில் திருவிழாவுக்கு எல்கைப் பந்தயம் நடக்கும். மாட்டுவண்டிப் பந்தயம் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. குதிரை வண்டியும் ஓடும். சித்தப்பா பெருசா ஜெயிச்சதில்ல. ஒரு குத்துவிளக்கு, ரெண்டு அண்டா, ஒரு தடவை ரொக்கப் பரிசு. சித்தி அந்த அண்டாவுலதான் நெல் அவிக்கும். குதிரைக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தா அது உலகத்துலயே விலை கூடின அண்டா.

இப்ப நிக்கிற குதிரை பேரு ராணி. செவலை. நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு.

ஒரு கார்த்திகை மாசம், மழை விட்டு கண்மாய் நெறஞ்சு கிடந்த சமயம். எனக்கு சித்தப்பாகிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப் வீடியோ வந்துச்சு. ராணி நடந்து போகுது. பின்னாடி இடது கால் குளம்போட நுனி தரையில இழுபடுது. கீழ ஒரு வாய்ஸ் நோட்: "தம்பி, ஓட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல சதை பிடிச்சுக்கிட்டாப்புல இருக்கு. நீதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல பார்ப்பியே, என்னான்னு பாருய்யா."

சென்னையில உட்கார்ந்திருக்கிற ஒரு இன்ஜினியர்கிட்ட இப்படி ஒரு கேள்வி வந்தா அவன் என்ன பண்ணுவான்? தேடுவான். 'சதை பிடிப்பு'ன்னு சித்தப்பா சொல்லிட்டாரு. நான் அதையே தேடினேன். தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுச்சு, எனக்கு அப்ப தெரியல.

குதிரைக்கு மசாஜா?

ஆமா, இருக்கு. நான் முதல்ல சிரிச்சேன், அப்புறம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்த்தேன். வெளிநாட்டுல இது ஒரு தனித் தொழில். ஜாக் மேகர்னு ஒரு அமெரிக்கர், மனுஷ விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் பண்ணிக்கிட்டு இருந்தவரு, குதிரைகளுக்கும் அதைக் கொண்டுபோனாரு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல அமெரிக்கக் குதிரையேற்ற அணியோட குதிரைகளுக்கு வேலை பார்த்தாரு. அவருக்குப் பிறகு எத்தனையோ முறைகள் வந்துடுச்சு. அழுத்திப் பிசையுறது, விரல் நுனியால வட்டம் போடுறது, காலைத் தூக்கி மெதுவா நீட்டிவிடுறது, முதுகெலும்பு மூட்டுகளைத் தட்டிச் சரிபண்றதுன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி.

அதுக்குப் பின்னாடி ஒரு உடம்பு நியாயமும் இருக்கு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. நமக்குக் கழுத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் தட்டுப்படுதே, அது அதுக்கு இல்ல. அதனால முன்னங்கால் ரெண்டும் எலும்பு மூட்டால உடம்போட சேரல. தசையும் நாரும்தான் சேர்த்துப் பிடிச்சிருக்கு. ஒரு தூளியில குழந்தை தொங்குற மாதிரி, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல நெஞ்சுக்கூடு தசையில தொங்குது. உடம்பு எடையில கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தாங்குறதும் அந்த முன்னங்கால்தான். அப்போ தசை இறுகினா நடை மாறும், நடை மாறினா இன்னொரு இடத்துல இறுகும். இதைப் படிச்சதும் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சிஸ்டம் டயக்ராம் மாதிரி இருந்துச்சு.

அந்தச் சனிக்கிழமை காலையில ராமநாதபுரத்துல இறங்கிட்டேன்.

ஒன்பது நாள்

சித்தப்பா வேப்பெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி வச்சிருந்தாரு. அவரு அப்பா காலத்துப் பழக்கம். நான் வீடியோவுல பார்த்த மாதிரி கழுத்துல ஆரம்பிச்சேன், தோள், முதுகு, பின்தொடைன்னு வந்தேன். முதல்ல ராணி காதைப் பின்னாடி மடக்குச்சு. அப்புறம் மெதுவா தலையைத் தாழ்த்துச்சு. கீழ் உதடு தொங்குச்சு. வாயை அசை போடுற மாதிரி மென்னுச்சு. ஒரு பெரிய கொட்டாவி விட்டுச்சு.

இது எல்லாம் நான் பார்த்த வீடியோவுல அப்படியே வந்துச்சு. 'ரிலீஸ்'னு சொல்லுவாங்க. இறுக்கம் விடுதுன்னு அர்த்தம். சித்தப்பா என்னைப் பார்த்தாரு. "கையில ஏதோ இருக்குடா உனக்கு"ன்னாரு. உண்மையைச் சொல்றேன், எனக்கு வேலையில கிடைச்ச எந்தப் பாராட்டும் அந்த அளவுக்கு இனிச்சதில்ல.

ஞாயிறும் பண்ணினேன். திங்கக்கிழமை சென்னைக்கு வந்துட்டேன். அப்புறம் சித்தப்பா தினமும் காலையிலயும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் தேய்ச்சாரு. எனக்கு வீடியோ அனுப்புவாரு. நான் "சூப்பர், இன்னும் கொஞ்சம் முதுகுக்கு நடுவுல அழுத்துங்க"ன்னு பதில் போடுவேன். தேய்ச்சு முடிச்ச உடனே ராணி கொஞ்சம் நல்லா நடக்குற மாதிரி தெரியும். மறுநாள் காலையில பழையபடி கால் இழுபடும். திரும்பத் தேய்க்கிறது.

நம்ம வேலையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே. சர்வர் தொங்குது, ரீஸ்டார்ட் பண்றோம், ஓடுது. நாலு மணி நேரம் கழிச்சுத் திரும்பத் தொங்குது, திரும்ப ரீஸ்டார்ட். "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது சார்"னு ஒருத்தன் சொன்னா அவனை மீட்டிங்குல வச்சுக் கிழிச்சிருப்பேன். மெமரி எங்க லீக் ஆகுதுன்னு பார்த்தியான்னு கேட்டிருப்பேன். ராணி விஷயத்துல அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்ல.

பத்தாவது நாள் காலையில சித்தப்பா போன். குரல் வேற மாதிரி இருந்துச்சு. தண்ணித் தொட்டிகிட்ட ராணியைத் திருப்பியிருக்காரு. பின்பக்கம் அப்படியே சாஞ்சு, சுவத்துல மோதி நின்னுருக்கு.

டாக்டரம்மா வந்தாங்க

அன்னைக்கே கால்நடை மருத்துவர் வந்து பார்த்தாங்க. சித்தப்பா போனை வீடியோ கால்ல போட்டு வேலியில சாத்தி வச்சிருந்தாரு, நான் ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அவங்க முதல்ல தசையைத் தொடவே இல்ல. ராணியை நேரா நடக்கச் சொன்னாங்க. அப்புறம் சின்ன வட்டமா சுத்தச் சொன்னாங்க. அப்புறம் பின்னோக்கி நடக்க வச்சாங்க. நடந்துக்கிட்டு இருக்கும்போதே வாலைப் பிடிச்சு ஒரு பக்கமா மெதுவா இழுத்தாங்க. நல்ல குதிரை எதிர்த்து நிக்கும். ராணி இழுத்த பக்கமே சாஞ்சு வந்துச்சு. அப்புறம் குளம்பைத் தூக்கிப் பார்த்தாங்க. நுனி மட்டும் தேய்ஞ்சு மழுங்கியிருந்துச்சு.

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "அண்ணே, வலியில நொண்டுற குதிரை ஒரு கணக்கா நொண்டும். ஒவ்வொரு எட்டுலயும் அதே கால், அதே இடத்துல குறையும். இது கணக்கில்லாம நடக்குது. ஒரு எட்டு இங்க விழுது, அடுத்தது அங்க விழுது. தன் கால் எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியல. இது சதை இல்ல, நரம்பு."

சித்தப்பா, "தீனியெல்லாம் நல்லா எடுக்குதே டாக்டரம்மா, காய்ச்சலும் இல்லையே"ன்னாரு.

"அதாண்ணே இந்த நோயோட ஏமாத்து வேலை"ன்னாங்க. அப்புறம் திரும்பிப் பார்த்தாங்க. குதிரைக் கொட்டகையை ஒட்டி சித்தியோட ரெண்டு பசு மாடு. அதுக்குப் பின்னாடி முப்பதடி தள்ளி நெறஞ்சு நிக்கிற கண்மாய். "இங்க கொசு எப்படி?"ன்னு கேட்டாங்க.

சித்தி சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு: "கொசுவா? தூக்கிட்டுப் போயிடும் டாக்டரம்மா."

மாடு, கொசு, குதிரை

அந்த நோய்க்குப் பேரு கும்ரி. இடுப்பைக் குறிக்கிற 'கமர்' என்ற பாரசீகச் சொல்லில் இருந்து வந்தது. குதிரையின் இடுப்பு விழுந்துபோகிற நோய். இந்தியக் குதிரைக்காரர்களுக்கும் அந்தக் காலத்துப் படை வைத்தியர்களுக்கும் பேரு தெரியும், காரணம் ரொம்ப நாள் தெரியாது. 1950-களில் ஜப்பானிலும் இலங்கையிலும் நடந்த ஆராய்ச்சிகள்தான் காரணத்தைத் தெளிவாக்கின. தனுஷ்கோடி மணல்ல நின்னா எதிர்க்கரை, அதே இலங்கைதான். அங்க இருக்கிற அதே மழை, அதே கொசு, அதே மாடு இங்கயும்.

காரணம் ஒரு புழு. செடேரியா டிஜிடேட்டா. நூல் மாதிரி வெள்ளையா இருக்கும். அதோட சொந்த வீடு மாட்டோட வயித்துக்குள்ள, குடலுக்கு வெளியே இருக்கிற இடம். மாட்டுக்குப் பெருசா தொந்தரவு கொடுக்காது. அது போடுற குட்டிப் புழுக்கள் மாட்டு ரத்தத்துல சுத்தும். கொசு மாட்டைக் கடிக்கும்போது அதுங்க கொசுவுக்குள்ள போகும், அங்க வளரும். அதே கொசு திரும்ப மாட்டைக் கடிச்சா பிரச்சினை இல்ல, புழு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும். குதிரையையோ ஆட்டையோ கடிச்சா, புழுவுக்கு அது தெரியாத ஊர். வழி தெரியாம அலையும். அலையுற வழியில சில சமயம் முதுகுத்தண்டுக்குள்ள போயிடும். ஒரே ஒரு சின்னப் புழு போதும். அது போன தடம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் நரம்பு அறுபடும். ஆட்டுக்குப் பின்னங்கால் விழுறதுக்கும் இது ஒரு காரணம்.

உயிரோட இருக்கிற குதிரையில இதை நூத்துக்கு நூறு உறுதி பண்றது கஷ்டம். நடை, பருவம், பக்கத்துல மாடு, கொசு, இதையெல்லாம் சேர்த்து வச்சுத்தான் முடிவுக்கு வரணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. புழுவைக் கொல்ல மருந்து, தண்டுவடத்து வீக்கத்தைக் குறைக்க ஊசி. மருந்துல ஒண்ணு, யானைக்கால் நோய்க்கு மனுஷங்களுக்குக் கொடுக்கிற அதே டைஎதில்கார்பமசின். அதுவும் கொசு கொண்டுவர்ற நூல்புழுதானே, தூரத்துச் சொந்தம். இதைக் கேட்டுட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. அளவு டாக்டர் சொல்லணும்.

மருந்து புழுவைக் கொல்லும். அறுந்த நரம்பை ஒட்டாது. அதனாலதான் சீக்கிரம் வரணும்னு சொல்றாங்க.

நான் அப்புறமா தனியா போன் பண்ணிக் கேட்டேன். "மேடம், ஒன்பது நாள் முன்னாடியே உங்களைக் கூப்பிட்டிருந்தா?" கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சொல்ல முடியாது தம்பி. கேட்காம இருங்க"ன்னாங்க.

கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்த குதிரைகள்

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்ப சித்தப்பாவோட பைக்ல பெரியபட்டினம் வரைக்கும் போனேன். இன்னைக்கு அமைதியான கடலோர ஊர். 13, 14-ஆம் நூற்றாண்டுல பெரிய துறைமுகம். அங்க தோண்டினப்போ சீனப் பீங்கான் துண்டுகள் நெறைய கிடைச்சது. கரையோரமா இன்னும் தெக்க போனா, தாமிரபரணி கடல்ல சேருற இடத்துல காயல். பாண்டியர் காலத்துல இந்தக் கடற்கரையிலதான் அரபுக் குதிரைகள் வந்து இறங்குச்சு. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோட திருப்பெருந்துறைக்குப் போனதும், நரி பரியானதும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கதைக்குப் பின்னாடி இருக்கிற வியாபாரம் நிஜம்.

மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர். அரசனும் அவன் தம்பிகளுமாக ஐந்து பேர், ஆளுக்கு வருஷத்துக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை விற்க வரும் வணிகர்கள், லாடம் கட்டி வைத்தியம் பார்க்கும் ஆட்களை மட்டும் இந்த நாட்டுக்கு வர விடுவதில்லையாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பல் விற்கும். இங்கே நல்ல குதிரைக்கும் நல்ல குதிரைக்கும் பிறக்கிற குட்டிகூட கால் கோணிப் பிறக்கிறது என்றும் எழுதுகிறார்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியது இன்னும் நுணுக்கமானது. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வருஷத்துக்கு 10,000 குதிரை வரை வந்த காலம் உண்டு என்கிறார். வந்திறங்கிய குதிரையை முளையடித்துக் கயிற்றில் கட்டி 40 நாள் கொழுக்க வைக்கிறார்கள். வறுத்த தானியத்தில் வெண்ணெய் போட்டுத் தீனி, காய்ச்சிய பசும்பால். அப்புறம் எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டுகிறார்கள். கொஞ்ச காலத்திலேயே நல்ல குதிரை எல்லாம் சோர்ந்து, வேகம் இழந்து, எதற்கும் உதவாமல் போகிறது.

ரெண்டு பேருமே வெளியூர்க்காரங்க. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனா வஸ்ஸாஃப் சொல்ற அந்த 40 நாளை டாக்டரம்மாகிட்ட சொன்னேன். "இதுக்கு மேல ஒரு குதிரையை எப்படிக் கெடுக்குறது?"ன்னாங்க. தானியத்தை அள்ளிக் கொட்டினா குளம்புக்குள்ள வீக்கம் வரும், லாமினைட்டிஸ். முழுத் தீனி கொடுத்துச் சும்மா கட்டி வச்சுட்டு திடீர்னு ஓட்டினா தசையே உடைஞ்சு, பின்பக்கம் கட்டையா இறுகி, சிறுநீர் காபி நிறத்துல வரும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் 'குதிரை நடக்க மாட்டேங்குது'ன்னுதான் தெரியும்.

பெரியபட்டினம் கரையில நின்னுக்கிட்டு நான் யோசிச்சது இதுதான். 220 பொன் கொடுத்து குதிரை வாங்கத் தெரிஞ்ச ஊரு. குதிரை ஏன் விழுதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு மட்டும் கப்பல்ல வரல. எனக்கு அந்த ஆளு ஒரு போன் தூரத்துல இருந்தாங்க. நான் யூடியூபைக் கூப்பிட்டேன்.

அப்போ மசாஜ் சும்மாவா?

இல்ல. இங்கதான் நியாயமா பேசணும். நான் தப்பு பண்ணினேங்கறதுக்காக மசாஜ் மேல பழி போட முடியாது.

1993-இல் பிரான்சில் காமார்க் குதிரைகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும்போது பெரும்பாலும் பிடரி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் சொறியும். மனிதக் கையால் அதே இடத்தில் சொறிந்துவிட்டபோது இதயத் துடிப்பு பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வேறு இடத்தில் சொறிந்தபோது அப்படிக் குறையவில்லை. அப்போ நான் பார்த்த கொட்டாவி, தொங்கின உதடு எல்லாம் பொய் இல்ல. ராணிக்கு நிஜமாவே சுகமா இருந்திருக்கு. சுகமா இருக்கறதும் குணமாகறதும் ஒண்ணுன்னு நான் முடிச்சுப் போட்டதுதான் பிழை.

2008-இல் இன்னொரு ஆய்வு, 38 குதிரைகளில். முதுகில் ஒரு கருவியை வைத்து அழுத்தி, எந்த அளவு அழுத்தத்தில் குதிரை விலகுகிறது என்று அளந்தார்கள். ஏழாம் நாளில் மசாஜ் செய்த குதிரைகளின் தாங்கும் அளவு 12 சதவீதம் கூடியிருந்தது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சரிசெய்த குதிரைகளில் 27 சதவீதம். வழக்கமான வலிமருந்து கொடுத்தவற்றில் 8 சதவீதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்தக் குதிரைகள் எதுக்கும் நோய் அறிகுறி கிடையாது. 2022-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் சேர்த்துச் சலித்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்றுதான் முடித்தார்கள்.

இன்னொரு எளிய உடம்பு விஷயம். குதிரைக்கு முட்டிக்குக் கீழ பிசையுற மாதிரி தசை கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அப்புறம் குளம்பு. நொண்டுற குதிரைகள்ல பெரும்பாலானதுக்குக் கோளாறு அங்கதான் இருக்கும். நாம பிசையுற கழுத்தும் முதுகும் அந்த வலிக்கு ஈடுகொடுத்து இறுகினதா இருக்கலாம். முதுகைத் தளர்த்திட்டு குளம்புல இருக்கிற ஆணியை விட்டுட்டா என்ன பிரயோஜனம்?

ஆஸ்திரேலியாவுல ஸ்டிரிங்ஹால்ட்னு ஒரு கோளாறு கூட்டமா வரும். நடக்கும்போது பின்னங்கால் வெடுக்குனு வயித்தைத் தொடுற அளவுக்குத் தூக்கும். காரணம் மேய்ச்சல்ல இருக்கிற மஞ்சள் பூ பூக்கிற ஒரு களைச்செடின்னு சந்தேகப்படுறாங்க. அந்த மேய்ச்சலை விட்டு ஓட்டிட்டா பல குதிரைகள் மாசக்கணக்குல தானா தேறிடுது. அந்தக் காலை எத்தனை மணி நேரம் நீவிவிட்டாலும், சாயங்காலம் அதே காட்டுல மேயவிட்டா?

நம்ம பழைய நூல்கள்லயும் இந்த எச்சரிக்கை உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளருக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. குதிரையைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசு, மாலை போடுங்கற வரைக்கும் சொல்லுது. கூடவே, வைத்தியன் கவனக்குறைவால நோய் முத்திப்போனா வைத்தியச் செலவைப் போல ரெண்டு மடங்கு அபராதம்னும் சொல்லுது. நான் வைத்தியன்கூட இல்ல.

கையை வைக்கிறதுக்கு முன்னாடி

குதிரை வளர்க்கிறவங்க நம்ம லிஸ்னர்ஸ்ல எத்தனை பேரு இருப்பீங்கன்னு தெரியல. ஊர்ல மாமா, பெரியப்பா யாராவது வச்சிருப்பாங்க. மெரினாவுல, கொடைக்கானல்ல குதிரை வச்சுப் பொழைக்கிற தெரிஞ்சவங்க இருக்கலாம். அவங்களுக்காக, டாக்டரம்மா சித்தப்பாவுக்குச் சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன்.

முதல்ல நடக்க வச்சுப் பாருங்க. நேரா, சின்ன வட்டமா, பின்னோக்கி. நொண்டுறது ஒரே கணக்கா இருக்கா, தாறுமாறா இருக்கான்னு பாருங்க. தாறுமாறா இருந்தா அன்னைக்கே டாக்டர். நாளைக்கு இல்ல.

ரெண்டாவது, குளம்பைத் தூக்கிப் பாருங்க. சூடா இருக்கா, கல்லோ ஆணியோ இருக்கா, நுனி மட்டும் தேயுதா.

மூணாவது, காய்ச்சல், புது வீக்கம், காபி நிற சிறுநீர், நகரவே மாட்டேங்கற இறுக்கம், இதுல எது இருந்தாலும் அழுத்தித் தேய்க்காதீங்க, நடக்கவும் வைக்காதீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்.

நாலாவது, தேய்ச்சா நல்லாகுது, விட்டா திரும்ப வருதுன்னா, அதுவே ஒரு தகவல். எழுதி வைங்க. அதை வெற்றின்னு நினைக்காதீங்க, நான் நினைச்ச மாதிரி.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. போன்ல இப்பவே பதிஞ்சு வைங்க. எங்க சித்தப்பா போன்ல என் நம்பருக்கு மேல அது இருக்கு இப்ப.

இப்ப ராணி

ராணி பொழைச்சுக்கிச்சு. நோய் அதுக்கு மேல ஏறல. ஆனா பழையபடி ஆகல. நேரா நடக்கும். திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் ஆடும். வண்டியில பூட்ட முடியாது. பந்தயம் முடிஞ்சுபோன விஷயம். வாங்க வந்த ரெண்டு பேர் நடையைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க. மூணாவதா ஒருத்தர் வந்து என்ன விலைக்கு, எதுக்குக் கேட்டாருங்கறதை சித்தப்பா எங்கிட்ட சொல்லல. சித்தி சொல்லுச்சு. சித்தப்பா அந்த ஆளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்து கொள்ளு ஊறப்போட்டாராம்.

பசு மாடு ரெண்டையும் இப்ப வீட்டுக்கு மறுபக்கம் கட்டியிருக்காங்க. கொட்டகைக்குக் கொசுவலை போட்டாச்சு. சாயங்காலம் ஆனா வேப்பிலைப் புகை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லல. அவரு சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

கடைசியா வந்து பார்த்தப்ப டாக்டரம்மாகிட்ட சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டாரு, "அப்போ தேய்க்கிறதை நிறுத்திடவா?"

"எதுக்குண்ணே நிறுத்துறீங்க? ஆடி ஆடி நடக்குறதால அதோட முதுகு எந்நேரமும் இறுகித்தான் இருக்கும். தேய்ச்சா அதுக்கு சுகமா இருக்கும். தினம் கை வச்சா எங்க சூடு, எங்க மெலிவு, எங்க புண்ணுன்னு உங்களுக்கு முதல்ல தெரியும். தேய்ங்க. மருந்துன்னு நினைச்சுத் தேய்க்காதீங்க, அவ்வளவுதான்."

போன மாசம் போயிருந்தேன். சாயங்காலம் சித்தப்பா என்கிட்ட எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தாரு. ஒண்ணும் பேசல. நான் கழுத்துல ஆரம்பிச்சேன். இந்தத் தடவை யூடியூப் ஞாபகத்துல இல்ல. கையில என்ன தட்டுப்படுதுன்னு மட்டும் பார்த்தேன். இடது பின்தொடையில சதை வலதை விட மெலிஞ்சிருந்துச்சு. சித்தப்பாகிட்ட சொன்னேன். "ஆமா, போன அமாவாசையில இருந்து அப்படித்தான் இருக்கு, டாக்டரம்மாகிட்ட சொல்லியிருக்கேன்"னாரு.

அப்புறம் ராணி கொட்டாவி விட்டுச்சு. நான் அதை வீடியோ எடுக்கல.

ஊர்ல இருந்து யாராவது வீடியோ அனுப்பி "என்னான்னு பாரு"ன்னு கேட்டா, பார்க்கத் தெரிஞ்சவங்களுக்கு அதை அனுப்பிட்டு, அப்புறம் கூகுள் பண்ணுங்க.